கல்யாணப் பேனரில் வந்து நிற்கும் பேர்

தூத்துக்குடி
05.02.2024

அன்பு மருமகள் விஜிலாவுக்கு, தாய்மாமன் மரியான் எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அப்போதே சொன்னவன். உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் என் பேனர் கடை வாசலில் நின்று எதிர்க்கடை ரெனிஷிடம் சொன்னேன்: "ஏலே, இந்த லிங்க்கு இருக்கே, அது வீட்டுச் சாவி மாதிரி. ஒருத்தர் கையில குடுத்துட்டா அவங்க எப்ப வேணும்னாலும் கதவத் தொறப்பாங்க." அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்கிறான் ரெனிஷ். காலையில் என்ன தின்றான் என்பதே அவனுக்கு மத்தியானம் ஞாபகம் இருக்காது.

இனிமேல் போனில் எதையும் அனுப்பாதீர்கள், தாளில் எழுதுங்கள், தாள் என் கைக்கு வந்த பிறகு மாறாது என்று நீ உன் மாமியாரிடம் சொன்னாயாம். சரியான பேச்சு. அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். சுகமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

கிளைட்டன் மாப்பிள்ளை போன தோணி மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போகும் வழியில், பொங்கல் கழிந்த வாரம், விடியுமுன் கவிழ்ந்தது. மற்றவர்களை ஒரு கப்பல்காரன் தூக்கிவிட்டான். மாப்பிள்ளையை மட்டும் காணவில்லை. உன்னிடம் "மாலியில் சரக்கு இறக்கத் தாமதம்" என்று சொல்லி வைத்தோம். அந்நிய தேசத்தில் ஆஸ்பத்திரி வேலையில் தனியாக நிற்கிற பிள்ளைக்கு எப்படிச் சொல்ல, லீவில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம் என்று பெரியவர்கள் முடிவு. கூடாது என்று சொன்ன ஒரே ஆள் நான். மனதுக்குள் சொன்னேன்.

தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று துறைமுக ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு உன் மாமியார் பிலோமினா மதினி நேராக என் கடைக்கு வந்தார்கள். "தம்பி, எம்மவனுக்கு ஒரு போஸ்டர் போட்டுத் தாரும். பூசைக்கு முன்னால ஊரு பாக்கணும்." அவ்வளவுதான் சொன்னார்கள். நல்ல முகம் உன் கல்யாணப் பேனரில்தான் இருந்தது. அதையே திறந்தேன். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். கட்டம் ஒன்று, தலைப்பு மாறும். நகல் எடுத்துவிட்டு அதில் கை வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் எடுக்கவில்லை. கல்யாணத்தன்று நான் பீற்றிக்கொண்டு உனக்கு அனுப்பிய லிங்க் இன்னும் உன் போனில் இருக்கும், இங்கே நான் தொட்டது அங்கே அப்போதே தெரியும் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை. அன்று ஜனவரி 29, உன் கல்யாண நாள் என்பதும் எட்டவில்லை.

இதற்கு ரெனிஷ் எனக்குப் பாடம் எடுக்கிறான். "அண்ணாச்சி, நான் போன்ல ஆப்புல செய்யுதேன். எம் ஃபைலு எம் போனுக்குள்ள கெடக்கும். ஆளுகளுக்குப் படத்த மட்டும் அனுப்புவேன். நான் இங்கன என்ன மாத்துனாலும் அவங்க கையில உள்ளது மாறாது. நீரு பிரவுசர்ல தொறந்து போட்டிருக்கது கடையா, சந்தையா?"

நான் சாயர்புரம் காலேஜ் வாசலை மிதித்தவன். விளையாட்டு விழாவுக்குப் பேனர் கட்டத்தான் போனேன், இருந்தாலும் மிதித்தேன். அவனுக்கு ஒரே பதில்தான் சொன்னேன். நம்மவர்கள் சங்கு குளிக்கப் போகும்போது இடுப்புக் கயிற்றைப் பெண்டாட்டியோடு பிறந்தவன் கையில் கொடுப்பார்கள். தன் கூடப்பிறந்தவள் தாலி அறுக்க அவன் விடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. பிரவுசர் அந்தக் கயிறு. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. போன் ஆப் என்பது மூச்சைப் பிடித்துக்கொண்டு தனியாக முங்குவது. "நீ முங்குலே," என்றேன்.

மருமகளே, இதையும் கேட்டுக்கொள். மாப்பிள்ளையோடு ஒரே தோணியில் இருந்த டெரன்ஸ் ஊருக்கு வந்துவிட்டான். கடைசியாகப் பார்த்தவன் அவன்தான். கிளைட்டன் ஒரு பீப்பாயைப் பிடித்துக்கொண்டு மிதந்தானாம். இவனைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிக் காட்டினானாம். அப்புறம் அலை மறைத்துவிட்டது. கை தூக்கியவன் எங்கேயாவது கரை ஏறியிருப்பான் என்றுதான் நான் சொல்லுவேன்.

இன்னொன்று. போஸ்டரை நான் அச்சடிக்கவில்லை. முடித்ததைப் பார்த்ததும் மதினி எழுந்து போய்விட்டார்கள். அப்படியே விட்டேன். அடுத்த நாள் திறந்தால் கிளைட்டன் முகம் மறுபடியும் கலரில் இருக்கிறது. நான் தொடவில்லை. மாதா சத்தியம்.

இப்படிக்கு,
முத்து நகரின் முதல் கம்ப்யூட்டர் ஓவியன்,
உன் மாமா மரியான்


மஸ்கட்
16.02.2024

மாமாவுக்கு,

கடிதம் வந்தது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு முழுதாகத் தெரியாது. ஆஸ்பத்திரி கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கிற மலையாளத்துச் சேச்சி, "இன்று உன் கல்யாண நாளாச்சே, மாப்பிள்ளையைக் காட்டு" என்று கேட்டார்கள். எங்கள் மாமா போட்ட பேனரைப் பாருங்கள் என்று நான்தான் பெருமையாக லிங்க்கைத் திறந்தேன். என் கண் முன்னாலேயே ரோஜாக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நெட் சரியில்லை என்று நினைத்தேன். அப்புறம் அவர் முகத்திலிருந்து நிறம் இறங்கியது. ஓரத்தில் 'மரியான்' என்று உங்கள் பேர் ஒட்டிய அம்புக்குறி அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தது. "மாமா விளையாடுகிறார்" என்று சேச்சியிடம் சிரித்தேன். தலைப்பை நீங்கள் எழுத்து எழுத்தாக அடித்தீர்கள். 'கண்ணீ' வரைக்கும் வந்தபோதுகூட எனக்குப் புரியவில்லை.

நான் கோபமாக இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் நகல் எடுத்திருந்தால் நான் இன்னும் "சரக்கு இறக்கத் தாமதம்" என்று நம்பிக்கொண்டிருப்பேன். அதுவும் நல்லதாகத் தெரியவில்லை.

அவர் கை காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைத்தான் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் கை? எந்தப் பக்கம் மிதந்து போனார்? டெரன்ஸ் அண்ணன் சொன்னதை ஒன்று விடாமல் எழுதுங்கள். கை காட்டிவிட்டுப் போனவருக்கு எப்படிச் செத்தவர்களுக்கான பூசை வைப்பது? போஸ்டர் அடிக்காதீர்கள். அத்தையிடமும் சொல்லுங்கள்.

விஜிலா


தூத்துக்குடி
01.03.2024

அன்பு மருமகள் விஜிலாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குக் கடையைப் பாதி ஷட்டர் இறக்கி வைத்தேன். என் அம்புக்குறி ஓடுவதை நீ பார்த்துக்கொண்டிருந்தாய் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். டெரன்ஸை நேரில் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, போலீஸ் மாதிரி விசாரித்தேன். வலது கை. வடக்குப் பக்கம். தூரத்தில் ஒரு பெரிய கப்பலின் விளக்கு இருந்ததாம், அந்த வெளிச்சத்தில் விரலில் கல்யாண மோதிரம் மின்னியதாம். சும்மா தூக்கிய கை இல்லை, "போயிட்டு வாரேன்" என்று சொல்கிற மாதிரி ஆட்டிய கை. வடக்கே போகிற கப்பல்கள் எத்தனை தேசங்களுக்குப் போகின்றன! ஏதாவது ஒன்று தூக்கியிருக்கும். பாஷை தெரியாத ஊரில் ஆஸ்பத்திரியில் கிடப்பான்.

இனி எழுதப்போவதைச் சேச்சியிடம் சொல்லாதே, சிரிப்பார்கள். உன் பேனருக்குள் ஆள் நடமாட்டம் இருக்கிறது.

நான் முகத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்குவேன், அடுத்த நாள் கலராகிவிடும். மாலையை வைப்பேன், எடுத்திருக்கும். பிரவுசரில் ஏதோ கோளாறு என்று கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டுப் பார்த்தேன். போன வாரம் புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு ஒரு காதுகுத்துப் பத்திரிகைக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு அம்புக்குறி மெதுவாக ஏறி வந்தது. என்னுடையது இல்லை. கூட ஒரு சின்ன வில்லையில் பேர்: கிளைட்டன்.

உனக்கு நினைவிருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை அவன் பேரிலேயே இந்தப் பக்கத்துக்குள் வந்து, நான் ரோஸ் வைக்க அவன் நீலம் வைக்க, ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டோம். உன் பேர் இருக்கிற இடத்தில் அம்புக்குறியைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவான். "ஏலே மாப்பிள்ள, வேலயப் பாருலே" என்று போனில் கத்துவேன். அதே பேர். அதே நீல வில்லை. என் கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே போட்டது போட்டபடி நின்றேன். அம்புக்குறி முகத்தின் மேல் போனது, கறுப்பு வெள்ளை கலராகிவிட்டது, பேர் மறைந்துவிட்டது.

மதினிக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? அடுத்த நாள் கூட்டி வந்தேன். மூன்று மணிக்கு வந்தது. மதினி நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, "வந்துட்டியா, ராசா" என்றார்கள். அன்றிலிருந்து தினமும் ஜெபமாலையோடு வருகிறார்கள். பூசைப் பேச்சே இல்லை. வீட்டில் அவனுக்கும் சேர்த்து உலை வைக்கிறார்களாம்.

வளைகாப்புப் பேனருக்கு வந்த சங்கரம்மாள் இதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பொறவு வாரேன்" என்று போனவள் இப்போது ரெனிஷ் கடையில் நிற்கிறாள். ரெனிஷ் நல்லவன்தான், சொல்லுகிறான்: "அந்தப் படத்த எம் போனுக்கு எறக்கிருவோம் அண்ணாச்சி. ஆப்புல வெச்சு முடிச்சு அச்சடிச்சிருவோம். பிரவுசர்ல உள்ளத அழிச்சிரும். போனுக்குள்ள வேற எந்தப் பேரும் வராது."

வராது. அதுதான் எனக்கு இடிக்கிறது. வருகிறவனை வாசலில் வைத்துக் கதவைச் சாத்தவா? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் மாமா மரியான்


மஸ்கட்
13.03.2024

அன்புள்ள மாமாவுக்கு,

அது நான்தான்.

போன லீவு முடிந்து வரும்போது அவர் டேப்லெட்டை என்னிடம் கொடுத்துவிட்டார், கடலில் அதற்கு என்ன வேலை என்று. அதில் அவர் பேரிலேயே எல்லாம் திறந்திருக்கும். நீங்கள் கறுப்பாக்கிய முகத்தை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. உங்களுக்கு மூன்று மணி என்றால் எனக்கு இங்கே சாப்பாட்டு இடைவேளை. கேன்டீனில் உட்கார்ந்து, ஒருவரும் பார்க்காமல் உள்ளே போய், அவரைக் கலராக்கிவிட்டு வந்துவிடுவேன். அந்தப் பக்கம் நீங்கள் உட்கார்ந்து பயந்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கவே இல்லை. அத்தை உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரிந்திருந்தால் செய்திருக்கவே மாட்டேன். உலை வைக்கிறார்கள் என்று படித்ததும், டேப்லெட்டை அணைத்து, பெட்டியில் வைத்து, ஞாயிற்றுக்கிழமையே பூட்டிவிட்டேன். இனி தொடமாட்டேன். அத்தையிடம் நான்தான் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு விஷயம் மாமா. அவர் கல்யாண மோதிரம் என்னிடம்தான் இருக்கிறது. விரல் பெருத்து இறுக்கமாகிவிட்டது, இங்கே பெரிசு பண்ணி வாங்கித் தருகிறேன் என்று நான்தான் கழற்றி எடுத்து வந்தேன். இப்போதும் என் கழுத்துச் செயினில் கிடக்கிறது. அப்படியென்றால் கடலில் மின்னியது என்ன?

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சின்ன வயதில் நீங்கள் சொன்ன கதைகளில் எவ்வளவு நிஜம் என்று நான் கேட்டதே இல்லை. இதை மட்டும் கேட்கிறேன். தினமும் வடக்கே போன கப்பல்களின் பேர்களைத் தேடி, ஒவ்வொரு துறைமுக ஊரின் ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். ராத்திரி டியூட்டியில் பேர் தெரியாத நோயாளி யாராவது வந்தால் ஓடிப்போய் முகத்தைப் பார்க்கிறேன். இப்படி எத்தனை வருஷம் ஓடுவது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் கை காட்டினாரா, இல்லையா? காட்டினார் என்றால் அந்தப் பக்கம் அப்படியே திறந்திருக்கட்டும், நான் தேடிக்கொண்டே இருக்கிறேன். இல்லையென்றால் படத்தை ரெனிஷ் அண்ணன் போனுக்கு இறக்கிப் போஸ்டரை முடித்துவிடுங்கள். பூசை வைக்கச் சொல்லுங்கள். லிங்க்கை அழித்துவிடுங்கள். நான் லீவு போட்டு வருகிறேன்.

உங்கள் விஜிலா


தூத்துக்குடி
27.03.2024

அன்பு விஜிலாவுக்கு,

உன் கடிதம் நேற்று காலையில் வந்தது. டேப்லெட்டில் இருந்து நீதான் வருகிறாய் என்று நான் முதலிலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். இல்லை, எனக்குத் தெரியாது. நான் பயந்துதான் இருந்தேன்.

மத்தியானம் மதினி வந்ததும் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை, மோதிரத்தையும் சேர்த்து. அழுவார்கள் என்று நினைத்தேன். "அவ வந்தா என்ன, அவன் வந்தா என்ன தம்பி. ரெண்டும் ஒரே வீடுதான" என்றார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் திரையைக் காட்டி, "அப்பம் இந்தா வாரது யாரு?" என்று கேட்டார்கள்.

மருமகளே, மூன்று மணி. கிளைட்டன் பேர் வந்து நின்றது.

நீ பெட்டியைப் பூட்டியது எந்த ஞாயிறு என்று காலண்டரில் பார்த்தேன். அதற்குப் பிறகும் ஒரு நாள்கூட அது வராமல் இருக்கவில்லை. முன்னெல்லாம் வந்ததும் முகத்தைக் கலராக்கும். இப்போது ஒன்றையும் மாற்றுவதில்லை என்பதை நான்தான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். உன் பேர் எழுதியிருக்கிற இடத்தில் வந்து நிற்கிறது. நிற்கிறது, அவ்வளவுதான். சுற்றியது என்று எழுத எனக்குக் கை வருகிறது. எழுதவில்லை. சுற்றவில்லை.

ரெனிஷைக் கூப்பிட்டுக் காட்டினேன். என்னைக் கேலி பண்ணுகிறவன், வாசலிலேயே நின்றுவிட்டான். "அங்கன வேற யாரும் அந்தப் பேருல தொறந்திருப்பாங்க அண்ணாச்சி" என்றான். "யாருலே?" என்றேன். "சாவி வேற யார்ட்டயும் இருக்கா?" என்றான். மாப்பிள்ளையின் போன் அவனோடு கடலுக்குள் போய்விட்டது. அதை நான் சொல்லவில்லை. ரெனிஷுக்கே தெரிந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இன்றைக்கு ரெனிஷை வரச் சொல்லியிருக்கிறேன். வந்து உட்கார்ந்திருக்கிறான், சார்ஜ் ஏற்றிய போனோடு. எதிர்க்கடைக்காரன் போனுக்கு என் படத்தைக் கொடுக்கிற நாள் வரும் என்று மட்டும் நான் முன்கூட்டிச் சொன்னதில்லை. மதினியும் இங்கேதான். எல்லாவற்றையும் யோசித்து முடிவு சொன்னவர்கள் அவர்கள்தான். "பிள்ளைக்கு நெசத்த எழுதும் தம்பி. அவ அங்கன ஊரூரா தேடிட்டுக் கெடக்கா. எழுதி முடிச்சுட்டு இதையும் அடச்சிரும்." நான் கேட்டேன்: "அடச்சா பொறவு வராது மதினி. பரவாயில்லையா?" திரையில் அந்தப் பேர் நிற்கிற இடத்தில் விரலை வைத்தார்கள். திரைக் கண்ணாடியில் வியர்வைத் தடம் படிந்திருக்கிறது, நான் துடைக்கவில்லை.

நாளை பெரிய வியாழன். உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வாரத்தில் பூசைக்குச் சாமியாரிடம் சொல்லியாயிற்று. கலர்ப் படமே போடச் சொன்னார்கள் மதினி. நீ மாற்றி வைத்த முகம் அப்படியே இருக்கும். நீலத்தைத்தான் பின்னால் வைக்கப்போகிறேன், அவன் கேட்ட நீலம். நீ வந்துவிடு. ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன். வழியில் கதை ஒன்றும் சொல்லமாட்டேன்.

இந்தத் தாள் உன் கைக்கு வரும்போது அந்த லிங்க்கில் ஒன்றும் இருக்காது. திறந்து பார்க்காதே. மேலே நின்று கயிற்றைப் பிடித்திருக்கிறவன் எப்போது கையை விட வேண்டும் என்று நம் ஆட்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் இனிமேல்தான். தள்ளித் தள்ளி எழுதிக்கொண்டே வந்துவிட்டேன். டெரன்ஸ் தண்ணீருக்கு மேலே வந்தபோது நல்ல இருட்டு. கிளைட்டன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டானாம். பீப்பாய் இல்லை, கப்பல் விளக்கு இல்லை, பக்கத்தில் ஒருவரும் இல்லை. முதல் கடிதத்தில் அதை அப்படியே எழுதிப் பார்த்தேன். வெறும் கடலாக இருந்தது. ஒரு மனுஷனாவது அதில் தெரியட்டும் என்று வைத்தேன். நீ எந்தக் கை என்று கேட்டதும் மோதிரத்தையும் போட்டுவிட்டேன்.

மூன்று மணிக்கு வந்த பேர் நிஜம், மதினியைக் கேள். கடலில் தூக்கிய அந்தக் கை மட்டும் நான் வைத்தது.

மரியான் மாமா